ஜார்க்கண்டில் ஆறு பிள்ளைகள், ஐந்தாவது வாரம்

கேள்வி இதுதான்: "எங்கள் சபையிலிருந்து ஆறு வாலிபர்கள் ஒரு வருட ஊழியத்துக்காக ஜார்க்கண்டின் சாஹிப்கஞ்ச் மாவட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். விடுதிப் பள்ளியிலும் சிறிய ஆஸ்பத்திரியிலும் வேலை. ஆறு பேரும் ஒரே குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். நான்தான் பொறுப்பாளர். ஐந்தாவது வாரத்திலேயே ஒருவன் ஊருக்குப் போகணும் என்கிறான். இரண்டு பேர் எதை எடுத்தாலும் குறை. ஒரு தங்கை பேச்சையே நிறுத்திவிட்டாள். ஜெபித்தால் சரியாகிவிடும் என்று ஊரிலிருந்து சொல்கிறார்கள். நான் என்ன செய்யவேண்டும்?"

முதலில், பேச்சை நிறுத்திவிட்ட அந்தத் தங்கைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உங்கள் சாஹிப்கஞ்ச் சேர்ந்த இதே சந்தால் பர்கானா பக்கம் பதினோரு வருடம் இந்த வேலையைத்தான் செய்தேன். இரண்டாவது வருடத்தில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை திடீரென்று சுருண்டுவிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை, யாரிடமும் பேச்சில்லை, மத்தியானமே போய்ப் படுத்துக்கொள்வாள். வீட்டு ஞாபகம் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். மூன்று சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து வசனம் சொல்லித் தைரியப்படுத்தினேன். நாலாவது நாள் அந்தக் கிராமத்து சஹியா வந்தார். நம் ஊரில் ஆஷா பணியாளர் என்கிறோமே, அவர்களுக்கு ஜார்க்கண்டில் சஹியா என்று பெயர். பிள்ளையின் கழுத்தில் கையை வைத்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், பையிலிருந்து பரிசோதனை அட்டையை எடுத்து அவள் விரலில் குத்தினார். கொஞ்ச நேரத்தில் அட்டையில் கோடு விழுந்தது. ஃபால்சிபாரம் மலேரியா, மலேரியாவிலேயே ஆபத்தான வகை. அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

மலேரியா மட்டுமில்லை. சாஹிப்கஞ்ச், பாகூர், கோட்டா, தும்கா ஆகிய நான்கு மாவட்டங்களும் காலா அசாருக்குப் பேர்போனவை. மணல் ஈ கடித்து வருவது. இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுவிட்டுக் காய்ச்சல், உடம்பு மெலிவது, அசதி என்று இழுத்துக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது மனச்சோர்வு மாதிரியேதான் தெரியும். அதனால் சோர்ந்துபோன பிள்ளையைப் பார்த்ததும் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: காய்ச்சல் உண்டா, ராத்திரி தூங்குகிறாளா, வயிறு சரியாக இருக்கிறதா. பாதிப் பிரச்சினை அங்கேயே பிடிபடும். ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தெர்மாமீட்டரை வைத்துவிட்டு ஜெபியுங்கள்.

இப்போது குறை சொல்லும் அந்த இரண்டு பேர். கலெர்வோ ஓபெர்க் என்று ஒரு மானிடவியலாளர், 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பெண்கள் சங்கத்தில் பேசினார். 'கலாசார அதிர்ச்சி' என்ற சொல்லைப் பரப்பியது அந்தப் பேச்சுதான். வேற்று நாட்டில் குடியேறியவர்களுக்கு வரும் அறிகுறிகளை அதில் வரிசையாகச் சொல்கிறார். ஓயாமல் கை கழுவுவது, குடிதண்ணீரையும் படுக்கையையும் பற்றியே கவலைப்படுவது, எல்லோரும் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று நினைப்பது, கொஞ்சம் தாமதமானாலும் எரிந்துவிழுவது, அந்த ஊர்ப் பாஷையைக் கற்க மறுப்பது, எங்கோ வெறித்துப் பார்ப்பது, கடைசியாக, வீட்டில் குடித்த அந்த நல்ல காபிக்கு ஏங்குவது. எழுபது வருடமாகிவிட்டது, பட்டியலில் ஒன்றைக்கூட மாற்றவேண்டியதில்லை. காபிக்கு முன்னால் 'ஃபில்டர்' என்று சேர்த்துக்கொண்டால் நம் நாகர்கோவில் பையனுக்கு அப்படியே பொருந்தும்.

ஓபெர்க் நான்கு கட்டங்களாகவும் பிரித்தார்: முதலில் தேனிலவு, பிறகு நெருக்கடி, பிறகு தேறுதல், கடைசியில் ஒன்றிப்போவது. பயிற்சி முகாம்களில் இதைப் படம் போட்டுக் காட்டுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன். ஆனால் அதை நம்பி முதல் மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 1998இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களுக்குச் சிரமம் உச்சத்தில் இருந்தது வந்திறங்கிய உடனேதான், அப்புறம் படிப்படியாகக் குறைந்திருக்கிறது. தேனிலவே கிடையாது. நான் பார்த்ததும் பெரும்பாலும் அப்படித்தான். முதல் வாரம் சிரிக்கிற பிள்ளைகள் சந்தோஷத்தில் சிரிப்பதில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் சிரிக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் வருவதற்கு நாம் என்ன ஆயத்தம் கொடுத்தோம் என்றும் யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பினால் பாஷை, சாப்பாடு, சட்டம் என்று வாரக்கணக்கில் வகுப்பு நடத்துவோம். ஜார்க்கண்ட் என்றால் 'நம்ம நாடுதானே' என்று சால்வை போர்த்தி, ஜெபித்து, ரயிலேற்றிவிடுகிறோம். முன்னோருக்கு இந்த மயக்கம் இல்லை. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, பக்கத்திலிருந்த தெலுங்கு நாட்டுக்குப் போவதையே அயல்தேசம் போவதாகத்தான் நினைத்தார்கள். அதன் செயலாளராக இருந்த அசரியா 1909இல் தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்குக் குடிபோனபோது வயது முப்பத்தைந்து. அந்த வயதில் தெலுங்கு படித்தார். பிற்பாடு பேராயராகி அங்கே எழுப்பிய பேராலயத்தில் கோயில் கட்டடக் கலையும் மசூதிக் கட்டடக் கலையும் கலந்திருக்கும். அது 1939இல்தான் பிரதிஷ்டையானது. முப்பது வருடக் கதை. உங்கள் பிள்ளைகளுக்கு ஐந்து வாரம்தான் ஆகியிருக்கிறது.

சரி, என் முக்கியமான ஆட்சேபத்துக்கு வருகிறேன். ஆறு பேரும் ஒரே குவார்ட்டர்ஸில்.

அதைப் படித்ததுமே எனக்குக் குக்கர் விசில் காதில் கேட்டுவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஒரு குட்டித் திருநெல்வேலி. சாம்பார், தமிழ்ப் பாட்டு, அன்றைக்கு நடந்ததையெல்லாம் கிண்டலடிப்பது. ஒருவருக்கு ஒரு குறை இருந்தால் ராத்திரிக்குள் அது ஆறு பேருக்கும் தொற்றிவிடும். அவர்கள் மேல் தப்பில்லை, அமைப்பு அப்படி. முடிந்தால் இரண்டிரண்டு பேராகப் பிரித்து, உள்ளூர்க் குடும்பங்களின் பக்கத்தில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆறு பேரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடட்டும், அன்றைக்கு வாய் ஓயத் தமிழ் பேசட்டும். கட்டடத்தை மாற்ற முடியாது என்றால், வாரத்தில் மூன்று ராத்திரியாவது யார் வீட்டிலாவது சாப்பிடும்படி ஏற்பாடு செய்யுங்கள். செலவை அந்த வீட்டுக்குக் கண்ணியமாகக் கொடுத்துவிடுங்கள். தாங்கமாட்டார்கள், ஆனால் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

இட்லிப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் நான் எதிரி இல்லை. கடுகெண்ணெய் வாடையில் குமட்டுகிற முதல் மாதத்தில் ஒரு ஸ்பூன் ஊறுகாய் ஒரு பிள்ளையைக் காப்பாற்றும். தனிச் சமையலறையைத்தான் எதிர்க்கிறேன்.

இன்னொரு சுவர் உண்டு, அது நீங்கள்தான். இந்தி தெரிந்தவர், எல்லோரையும் அறிந்தவர், பைக் வைத்திருப்பவர். கடைக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள், முடி வெட்டவும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். "அண்ணே, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்" என்பதற்கு நீங்கள் மனசு இளகினால், ஒரு வருடமும் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்தே ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். வந்த இரண்டாம் வாரம் ஒவ்வொருவர் கையிலும் நூறு ரூபாயைக் கொடுத்து வாரச் சந்தைக்குத் தனியாக அனுப்புவேன். உப்பும் சோப்பும் கத்தரிக்காயும் வாங்கி வரவேண்டும், மூன்று கடைக்காரர்களின் பெயரையும் தெரிந்துகொண்டு வரவேண்டும். நான் சந்தை ஓரத்து டீக்கடையில் இருப்பேன், அவர்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் ஏமாந்துதான் வருவார்கள். பரவாயில்லை, இருபது ரூபாய் நஷ்டத்தில் பேச்சு தொடங்கிவிடும்.

'இந்த ஜனங்க முகம் கொடுத்தே பேசமாட்டேங்கிறாங்க' என்பது ஆறு பேரில் நாலு பேர் சொல்லும் குறையாக இருக்கும். அதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அதை நீங்கள் சொல்லவேண்டும். இந்தப் பகுதிப் பழங்குடிகளான சந்தால்கள் வெளியாளை 'திகு' என்பார்கள். வெறும் அந்நியன் என்ற அர்த்தம் மட்டும் அதில் இல்லை. வட்டிக்குக் கொடுத்து நிலத்தைப் பிடுங்கியவன், பொய்த் தராசு வைத்தவன், எல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறான். 1855 ஜூன் 30 அன்று, உங்கள் சாஹிப்கஞ்ச் மாவட்டத்திலேயே இருக்கும் போக்னாடிஹ் கிராமத்தில், சித்து, கான்ஹு சகோதரர்களின் அழைப்பில் ஆயிரக்கணக்கான சந்தால்கள் கூடினார்கள். ஹூல் என்கிற அந்த எழுச்சி வட்டிக்காரனுக்கும் ஜமீன்தாருக்கும் கம்பெனி ஆட்சிக்கும் எதிரானது. இன்றும் ஜூன் 30ஐ ஹூல் நாளாகக் கொண்டாடுகிறார்கள். உங்கள் பிள்ளை சட்டை இன் பண்ணிக்கொண்டு, கையில் செல்போனோடு ஊருக்குள் நுழையும்போது அவனும் ஒரு திகுதான். அவர்கள் தள்ளி நிற்பது அவனைப் பிடிக்காததால் அல்ல, பல தலைமுறைப் பழக்கம் அது. இதைச் சொன்னதும் பிள்ளைகளின் கோபம் பாதி இறங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மலைமேல் இருக்கும் பஹாடியாப் பழங்குடிகளிடம் வேலை என்றால் வேறொரு கண்ணி இருக்கிறது. அவர்கள் பேசும் மல்தோ நம் திராவிடக் குடும்பத்து மொழி. கண்ணுக்குக் 'கனு' போல ஒலிக்கும் சொல், பல்லுக்குப் 'பலு'. இதைக் கேட்டதும் நம் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியாது, சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி. சந்தோஷப்படட்டும். ஆனால் ஒரு சொல் ஒத்துப்போனதும் குணமும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்த்து, அது நடக்காதபோது இரண்டு மடங்கு ஏமாந்துபோவார்கள். சந்தாலி வேறு குடும்பம், முண்டா மொழி. அங்கே இந்த மயக்கத்துக்கு இடமே இல்லை. இந்தி டவுனுக்கும் ஆபீசுக்கும்தான். ஊருக்குள் ஒருவரோடு ஒட்டவேண்டுமானால் உள்ளூர்ப் பாஷையில் ஐம்பது வார்த்தையாவது வேண்டும், முதல் வார்த்தை 'ஜோஹார்'. அதைச் சொல்லிப் பழக ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் முதல் மாதம் முழுக்க 'ஹலோ' சொல்லிக்கொண்டு திரிந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு சம்பவம். மார்த்தாண்டத்துத் தம்பி ஒருவனை ஒரு சந்தால் வீட்டுக்கு அழைத்துப் போனேன். கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்தார்கள். வீட்டுக்கார அம்மா பித்தளை லோட்டாவில் தண்ணீர் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்து, குனிந்து வணங்கினார். இவனுக்குத் தண்ணீர் என்றாலே பயம். சிரித்துக்கொண்டே பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. லோட்டா அப்படியே கிடந்தது. அந்த அம்மா உள்ளே போனவர் மறுபடி வெளியே வரவில்லை.

திரும்பும் வழியில் நான் திட்டவில்லை. திட்டியிருந்தால் தன் தப்பைத்தான் நினைத்துக்கொண்டிருப்பான், அந்த அம்மாவை மறந்திருப்பான். "அவங்க எதுக்குடே தண்ணிய கீழ வச்சுக் கும்பிட்டாங்க?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத்தான், "குடிக்கிறதுக்கு இல்லையோண்ணே?" என்றான். விருந்தாளியை ஏற்றுக்கொள்வதற்கான மரியாதை அது. கை கால் கழுவிக்கொள்ளலாம், இரண்டு கையாலும் தொட்டு வாங்கிக்கொண்டாலும் போதும், கண்டுகொள்ளாமல் விடுவதுதான் பிழை. மறுவாரம் தானாகவே அந்த வீட்டுக்குப் போனான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை.

வாரம் ஒருமுறை ஒவ்வொருவரோடும் தனியாக அரைமணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். ஆபீஸ் அறையில் மேஜைக்கு எதிரே உட்காரவைத்தால் அறிக்கைதான் கிடைக்கும். 'எப்படி இருக்கே' என்று கேட்டால் 'கர்த்தருடைய கிருபையால் நல்லா இருக்கேன்' என்பார்கள், அதுவும் அறிக்கைதான். இந்த வாரம் யார் வீட்டில் சாப்பிட்டாய், என்ன சொன்னபோது அவர்கள் சிரித்தார்கள், யார் மேல் கோபம் வந்தது என்று கேளுங்கள். கோபம் வந்த சம்பவத்தை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். முதலில் கண்ணால் பார்த்தது மட்டும். அடுத்து, அதற்குத் தான் நினைத்த அர்த்தம். மூன்றாவதாக, வேறு என்ன அர்த்தம் இருக்கலாம். 'வார்டு உதவியாளர் நான் கூப்பிட்டும் வரவில்லை' என்பது பார்த்தது. 'என்னை மதிக்கவில்லை' என்பது நினைத்தது. மூன்றாவதைத் தெரிந்துகொள்ள அந்த உதவியாளரிடமே போய்ப் பேசவேண்டியிருக்கும், நோட்டு அதற்குத்தான். வேலையைப் பற்றிய கண்டிப்பை இந்த நடையோடு கலக்காதீர்கள், அதற்கு வேறு நாள் வையுங்கள்.

உங்களோடு ஓர் உள்ளூர்க்காரரையும் மேற்பார்வைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் இருப்பதால் கட்டாயம் ஒரு அக்காவாக இருக்கட்டும். கைப்பம்பில் எப்படிக் குளிப்பது, கழிப்பறை, மாதவிலக்கு, எந்த வழியில் இருட்டிய பிறகு போகக்கூடாது, எந்த வீட்டு ஆண் சரியில்லை, இதெல்லாம் அண்ணனிடம் வராது. அந்த அக்காவிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் முதலில் 'டீக் ஹை', அதாவது 'எல்லாம் சரி', என்பார். அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. நாலு தடவை டீ குடித்த பிறகு, 'உங்கள் பிள்ளைகள் எங்கள் வீட்டு மூதாட்டிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்கிறார்கள்' என்று ஒன்று வெளியே வரும். அது கிடைக்கும்வரை டீ குடியுங்கள்.

செல்போனைப் பிடுங்கி வைக்கும் பொறுப்பாளர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை, வளர்ந்த பிள்ளைகள். ஆனால் தினமும் ராத்திரி அம்மா வீடியோவில் அழுதால் பிள்ளை ராத்திரிதோறும் ஊருக்குப் போய்விட்டு வருகிற மாதிரிதான். பெற்றோரிடம் நீங்களே பேசுங்கள். வாரம் இரண்டு நாள், நீளமாகப் பேசட்டும்.

மிட்டாய், பழைய துணி, பணம், எதையும் பிள்ளைகள் தங்கள் இஷ்டத்துக்குக் கொடுக்கக்கூடாது. ஜார்க்கண்டில் 2017 முதல் மதச் சுதந்திரச் சட்டம் இருக்கிறது, ஆசைகாட்டி மதம் மாற்றுவது அதில் குற்றம். நல்ல மனசோடு கொடுத்த ஒரு ஸ்வெட்டர்கூட உங்கள் பள்ளிக்கே வினையாகலாம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். கொடுக்கிறவனாகப் போனவனுக்கு அங்கே நண்பன் கிடைக்கமாட்டான்.

ஊருக்குப் போகணும் என்கிற தம்பியிடம் 'போகாதே' என்று சொல்லாதீர்கள். 'சரி, டிக்கெட் எடுத்துத் தருகிறேன், இரண்டு வாரம் கழித்து இதே கிழமையில் நீ கேட்டால்' என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யவும் தயாராக இருங்கள். வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்தாலே பலருக்கு மூச்சுத்திணறல் நின்றுவிடும். என்னிடம் அப்படிக் கேட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கேட்ட ஒருவனை தன்பாத்தில் ஆலப்புழா எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டேன். வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகிற குடும்பங்கள் பெட்டி முழுக்க இருந்தன. ரயில் கிளம்பும்போது பார்த்தால், ஒரு பெரியவருக்கு வேலூரில் எங்கே இறங்கி எங்கே போகவேண்டும் என்று தன் அரைகுறை இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தான்.

இரண்டு வாரம் காத்திருக்கக்கூடாத நிலைமையும் உண்டு. செத்துப்போகலாம் என்று ஒரு தடவை சொன்னாலும், நாள்கணக்கில் தூக்கமே இல்லாவிட்டாலும், யாராவது தொந்தரவு கொடுக்கிறார்கள் என்றாலும், அன்றே தனியாக விடாமல் மருத்துவரிடம் காட்டி, துணையோடு ஊருக்கு அனுப்பிவையுங்கள். திரும்பி வருகிறவனை 'அழைப்பை விட்டு ஓடிவந்தவன்' என்று யாரும் சொல்லக்கூடாது என்பதை உங்கள் சபை மூப்பர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள். அவன் வந்து நிற்கும்போது பேசினால் எடுபடாது.

வருடம் முடிந்து போகிறவர்களுக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஊர் திரும்பிய பிறகும் இதே அதிர்ச்சி இன்னொரு சுற்று வரும். முதல் கல்யாண வீட்டில் இலையில் மிஞ்சிய சாப்பாட்டைப் பார்த்து ஒருத்தி அழுதுகொண்டே எனக்கு போன் செய்தாள். சாட்சிக் கூட்டத்தில் எல்லோரும் 'எத்தனை பேர் இயேசுவை ஏற்றுக்கொண்டார்கள்?' என்றுதான் கேட்பார்கள் என்றும், கிழிந்த சட்டைக் குழந்தைகளின் போட்டோவைத் திரையில் போடவேண்டாம் என்றும் கிளம்புமுன்பே சொல்லிவையுங்கள்.

யார் தேறிவருகிறார் என்று கண்டுபிடிக்க நான் ஒரே ஒரு வார்த்தையைக் கவனிப்பேன். 'இவங்க'. "இவங்க இப்படித்தான்", "இவங்களுக்கு டைமே கிடையாது." ஐந்தாவது வாரத்தில் பேச்செல்லாம் 'இவங்க'தான். லோட்டாவைக் கண்டுகொள்ளாமல் விட்டானே அந்த மார்த்தாண்டத்துத் தம்பி, மூன்றாவது மாதம் ஒருநாள் நடந்துகொண்டே சொன்னான்: "அந்தம்மா பேரு ஃபுல்மணி அண்ணே. திருப்பூர்ல அவங்க மகன் பனியன் கம்பெனில இருக்கானாம். 'சாப்டாச்சா'ன்னு தமிழ்ல கேட்டாங்க."